ஏழைக் கிராமங்களில் பெண்பிள்ளைகளின் படிப்பு எங்கே, ஏன் நிற்கிறது?

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள தங்கள் பூர்வீகக் கிராமத்துக்காகச் சிங்கப்பூர்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு கல்வி நிதியைத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் குழுவைச் சேர்ந்த அன்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. பாடநூல், சீருடை, மதிய உணவு, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் வசதியில்லாத வீட்டுப் பெண்பிள்ளைகள் பத்தாம் வகுப்பை ஒட்டி நின்றுவிடுகிறார்கள். பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லாததுதான் காரணமா? எதற்குப் பணம் கொடுத்தால் உண்மையில் பயன் இருக்கும்?"

கிராமப்புறப் பெண்கல்வித் திட்டங்களோடு நெடுங்காலம் தொடர்பில் இருந்து, இப்போது சிங்கப்பூரில் வாழ்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாக எழுதுகிறேன். பெற்றோரின் அறியாமையே காரணம் என்ற விடையை முதலில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். நல்லெண்ணத்தோடு தொடங்கப்படும் முயற்சிகள் பல, அந்த விடையை நம்பித்தான் தங்கள் பணத்தைப் பேரணிகளிலும் சுவர் விளம்பரங்களிலும் கரைத்துவிடுகின்றன. பெண்ணுக்குப் படிப்பு வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லும் தாயை இன்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் காண்பது அரிது. தடை இருப்பது அந்த வீட்டின் அன்றாடக் கணக்கில். அவள் பள்ளிக்குப் போய்விட்டால் தண்ணீர் பிடிப்பது யார், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார், இருட்டிய பிறகு அவளை அழைத்து வருவது யார், இன்னும் மூன்று ஆண்டுகள் படிக்க வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு கேட்பார்கள் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காத வீட்டில், பள்ளி இலவசமாகவே இருந்தாலும் பெண்ணின் படிப்புக்கு ஆகும் செலவு பெரிதாகவே தெரியும்.

புள்ளிவிவரங்களும் இதையே சொல்கின்றன. இந்தியக் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, 11 முதல் 14 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளில் எந்தப் பள்ளியிலும் பெயர் இல்லாதவர்கள் 2006ஆம் ஆண்டில் 10.3 விழுக்காடாக இருந்தனர். 2022இல் அது 2 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. ஆனால் 15, 16 வயதுப் பெண்களில் 2018இல் 13.5 விழுக்காட்டினரும், 2022இல் 7.9 விழுக்காட்டினரும் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். அதாவது, பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப மனமில்லாத பெற்றோர் அல்லர் அவர்கள். எட்டாம் வகுப்பு வரை அனுப்பியவர்களே அதற்குப் பிறகு நிறுத்துகிறார்கள். இது முன்னேற்றம்தான் என்பதையும் மறுக்கக் கூடாது. ஆனாலும் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பள்ளிக்கல்வி பெற்ற பெண்கள் இந்தியா முழுவதும் 41 விழுக்காட்டினர், கிராமங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மூவரில் ஒருவர், தமிழ்நாட்டில் 56.6 விழுக்காட்டினர். மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டுத் தமிழ்நாடு பெருமைப்படலாம். ஆனால் உங்கள் நிதியைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டியது அந்த மீதிப் பேரைப் பற்றித்தான். அவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத, நிரந்தர வருமானம் இல்லாத குடும்பங்களில் இருக்கிறார்கள்.

தொடக்கப்பள்ளியின் வாசலில் இருந்த பழைய தடையை உடைத்தது சோறு. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவும், 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவத் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும் பசியோடு இருந்த வீடுகளுக்குப் பள்ளியை ஒரு வரவாக மாற்றின. பெண்பிள்ளையை அனுப்பினாலும் ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம் என்று எண்ணிய வீடுகள் இருந்தன. அந்த எண்ணத்தால் படித்தவர்கள் இன்று பாட்டிமார்களாக இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்துக்கு, அதிகம் பேசப்படாத இன்னொரு பயனும் உண்டு. அம்மா விடியற்காலையில் கூலி வேலைக்குப் புறப்பட்டுவிடும் வீட்டில், தம்பி தங்கைகளுக்குச் சமைத்து ஊட்டிவிட்டு, முதல் பாடவேளை முடிந்த பிறகு பள்ளிக்கு வந்து சேர்பவள் மூத்த பெண். தொடக்கப்பள்ளியில் சின்னவனுக்குக் காலை உணவு கிடைத்தால், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அக்காவுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள் என்றும், ஆண்கள் 97 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள் என்றும் தெரிய வந்தது. பெரியவர்களிடையே உள்ள இந்த வேறுபாடு திருமணத்தன்று திடீரென்று தொடங்குவதில்லை. பத்து வயதில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, பன்னிரண்டு வயதில் சோறு வடிப்பதாகவும், பதினான்கு வயதில் அம்மா நூறு நாள் வேலைக்கோ சித்தாள் வேலைக்கோ போகும் நாள்களில் முழு வீட்டையும் கவனிப்பதாகவும் அது வளர்கிறது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் விடுப்பு எடுப்பவள் அவள். அறுவடை நாளில், உறவினர் வீட்டு விசேஷத்தில், ஆடு குட்டி போட்ட நாளில் விடுப்பு எடுப்பவளும் அவளே. எந்த ஒரு நாளும் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரிய இழப்பாகத் தெரியாது. ஆனால் கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஒரு வாரம் விடுபட்டால் அடுத்த வாரப் பாடம் புரியாது. அடுத்த மாதம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதே அவமானமாகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் வந்து நிற்கும்போது வகுத்தல் கணக்கைப் போடத் தெரியாத பெண், பொதுத்தேர்வை நினைத்து அஞ்சுகிறாள். "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை, அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்" என்று அப்பா சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. இடைநின்ற பிள்ளைகளிடம் காரணம் கேட்டு எழுதும் படிவங்களில் 'ஆர்வமின்மை' என்று பதிவாவதன் பின்னால் இப்படி நாள்கணக்கில் பறிபோன நேரம் இருக்கிறது என்பதை நாம் புரிந்துகொள்ளாவிட்டால், அந்தப் பெண்ணுக்கு ஊக்கவுரை ஆற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம்.

அடுத்தது தூரம். தொடக்கப்பள்ளி பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில். மேல்நிலைப் பள்ளி, அதிலும் அறிவியல் பிரிவு உள்ள மேல்நிலைப் பள்ளி, பல இடங்களில் ஒன்றியத் தலைநகரில். மூன்று கிலோமீட்டர் என்பது ஒரு பையனுக்கு வெறும் மூன்று கிலோமீட்டர்தான். பெண்ணுக்கோ, அந்தப் பாதையில் தோப்பு இருக்கிறதா, டாஸ்மாக் மதுக்கடை இருக்கிறதா, எந்தத் தெரு வழியாக நடக்க வேண்டும், துணைக்கு இன்னொரு பெண் வருகிறாளா என்பவையெல்லாம் சேர்ந்ததே தூரம். ஒரே ஊரிலிருந்து மூன்று பெண்கள் போய்க்கொண்டிருந்து, அவர்களில் இருவர் நின்றுவிட்டால் மூன்றாமவளும் நின்றுவிடுவது இதனால்தான். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மாலையில் நடக்கும் சிறப்பு வகுப்புகள் நல்ல நோக்கத்தோடு நடத்தப்படுபவை. ஆனால் கடைசிப் பேருந்து போன பிறகு அவை முடிகின்றன என்றால், நகரத்துக்கு அருகில் இருக்கும் பிள்ளைகளுக்கே அவை பயன்படும்.

தூரத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உறுதியான சான்றுகள் உண்டு. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாசும், உரிய வயதில் உயர்நிலைக் கல்வியில் சேர்ந்த பெண்களின் எண்ணிக்கை அத்திட்டத்தால் 32 விழுக்காடு கூடியது என்றும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது என்றும் கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பயன் அதிகம். ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில், தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வருவதற்கு முன்பு, சில கிராமங்களில் ஊருக்குள்ளேயே சிறு பள்ளிகளை அமைத்துச் சோதித்துப் பார்த்தபோது, பெண்பிள்ளைகளின் சேர்க்கை 52 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது, பையன்களுக்கு 35. மிகவும் பழமைப்பிடிப்புள்ள ஊர்கள் என்று உலகம் எண்ணும் இடங்களிலேயே, பள்ளி கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தால் பெற்றோர் பெண்ணை அனுப்பினார்கள். அதே நாட்டில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்க ஆட்சியாளர்களே தடை விதித்திருப்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்கென்று ஒரு வரலாறே உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளர்கள் உட்பட, சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய அரசின் இலவசச் சைக்கிள் திட்டம் பின்னர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. இதில் உங்கள் குழு கவனிக்க வேண்டிய ஓர் இடைவெளி இருக்கிறது. அரசு சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கிறது. ஊர்ப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் இடங்களில், ஒன்பதாம் வகுப்புக்காக வெளியூருக்குப் போக வேண்டிய பெண், சைக்கிள் இல்லாமல் அந்த இரண்டு ஆண்டுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. நின்றுபோகும் பெண்களில் பலர் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள்தான் நிற்கிறார்கள்.

பெண் வயதுக்கு வருவதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நாள்களில் வசதி இல்லாததால் பெண்கள் பள்ளியை விட்டு நிற்கிறார்கள் என்பது பரவலான கருத்து. தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது பெண்ணின் மானத்தைக் காப்பது என்ற ஒரு காரணமே அதற்குப் போதும். ஆனால் நேபாளத்தின் சித்வன் பகுதியில் நடந்த கவனமான ஆய்வு ஒன்று, மாதவிடாயால் மாணவியர் இழந்த பள்ளி நாள்கள் ஆண்டுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று கண்டது. எல்லா ஊருக்கும் அது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. எனினும் நாப்கின் கொடுத்துவிட்டால் இடைநிற்றல் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2011 முதலே அரசு அதை இலவசமாக வழங்கி வருகிறது.

உண்மையான மாற்றம், பெண் சமைந்த பிறகு ஊர் அவளைப் பார்க்கும் பார்வையில் நிகழ்கிறது. சடங்கு முடிந்த பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எழுந்தால் போதும், அவளுடைய தங்கையின் திருமணம் வரை பாதிக்கும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இதைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும்: பல ஊர்களில் அந்த அச்சத்தின் மையத்தில் இருப்பது சாதி. பெண் வேறு சாதிப் பையனோடு பழகிவிடுவாளோ என்ற பயத்தில் ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் அவளை நிறுத்துகின்றன. ஆதிக்கச் சாதியினரின் தெருவைக் கடந்து போகும் தலித் பெண் வழியில் சீண்டப்படுகிறாள், புகார் செய்தால் வீட்டுக்கே பகை வரும் என்பதால் அவளும் நிறுத்தப்படுகிறாள். காரணங்கள் வேறு, வீட்டோடு இருந்துவிடும் முடிவு ஒன்று. பள்ளிக்குப் போகும் வழியில் ஒருவன் தொல்லை கொடுத்தான் என்று பெண் வீட்டில் சொல்லாமல் மறைப்பதற்குக் காரணம், சொன்னால் தண்டனை அவனுக்குக் கிடைக்காது, தனக்குத்தான் படிப்பு போகும் என்று அவளுக்குத் தெரிந்திருப்பதே. கைப்பேசி வந்த பிறகு இந்தக் கண்காணிப்பு இன்னும் இறுகியிருக்கிறது.

இனித் திருமணம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் 1929இலேயே வந்துவிட்டது. பெண்ணின் திருமண வயது 1978இல் 18 ஆக உயர்ந்தது. 2006இல் புதிய சட்டம் வந்தது. ஆனாலும் மேலே சொன்ன குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்குள் மணமானவர்கள் இந்தியாவில் 23.3 விழுக்காட்டினர், பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் 40 விழுக்காட்டுக்கு மேல், தமிழ்நாட்டில் 12.8 விழுக்காட்டினர். படிப்பு நின்றதால் திருமணமா, திருமணத்துக்காகப் படிப்பு நின்றதா என்று கேட்டால், இரண்டும் நடக்கின்றன. படிப்பு நின்று வீட்டில் இருக்கும் பெண்ணை எவ்வளவு நாள் காவல் காப்பது என்ற எண்ணத்தில் சீக்கிரம் கட்டிக்கொடுப்பது ஒரு வகை. இன்னொரு வகை, வரதட்சணைக் கணக்கு: பெண் பட்டப்படிப்பு முடித்தால் அவளுக்குப் பட்டதாரி மாப்பிள்ளை பார்க்க வேண்டும், பட்டதாரி மாப்பிள்ளைக்குச் சவரன் கூடும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டுச் சட்டம். சவரன் கணக்கு இன்றும் திண்ணையில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. கோவை, திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களின் நூற்பாலைகள் இந்தக் கணக்கைத்தான் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பயன்படுத்திக்கொண்டன. பெண்ணை மூன்று ஆண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய அனுப்பினால், முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்று சொல்லித் தென்மாவட்டங்களிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களைத் தரகர்கள் அழைத்துப் போனார்கள். அந்தப் பெண்களுக்குப் பள்ளியும் போயிற்று, பலருக்கு உடல்நலமும் போயிற்று, சொன்ன தொகையும் பலருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு அரசு இந்தக் கணக்கைத் திருப்பிப் போட முயன்றதைப் பாராட்ட வேண்டும். 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. அது நல்லதுதான் என்றாலும், பணம் திருமணத்துக்கே போயிற்று. 2022இல் அதே திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேரும்படி ஆயிற்று. தொகை சிறிதாக இருந்தாலும், பணம் படிப்புக்காக, அதுவும் பெண்ணின் பெயரிலேயே வருவது வீட்டில் அவளுடைய குரலுக்கு ஒரு கனத்தைக் கொடுக்கிறது. வங்காளதேசம் 1994இல் கிராமப்புறம் முழுவதும் நடைமுறைப்படுத்திய உயர்நிலைப்பள்ளி உதவித்தொகைக்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன: 75 விழுக்காடு வருகை, 45 விழுக்காடு மதிப்பெண், திருமணம் ஆகாமல் இருத்தல். ஏழை நாடான அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் பெண்களின் எண்ணிக்கை பையன்களைத் தாண்டியதில் அந்தத் திட்டத்துக்குப் பங்கு உண்டு. மெக்சிகோ 1997இல் தொடங்கிய குடும்ப உதவித் திட்டம், உயர்நிலை வகுப்புகளில் பையனுக்குத் தருவதைவிடப் பெண்ணுக்குக் கூடுதலாகத் தந்தது. பெண் நிற்பதற்கு வாய்ப்பு அதிகமுள்ள வகுப்பில் தொகையைக் கூட்டுவது என்ற அந்த அறிவு நமக்கும் தேவை.

இந்த இடத்தில் சிங்கப்பூரோடு தொடர்புள்ள ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழகச் சகோதரர்கள் பலர் இதே சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்காக ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன், முதல் ஓரிரு ஆண்டுச் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் வீட்டில் மிச்சம் பிடிக்கக்கூடிய செலவு எது என்று பார்க்கும்போது, மகனின் பாலிடெக்னிக் கட்டணத்தைவிட மகளின் பிளஸ் டூ படிப்புக்கு ஆகும் செலவுதான் கண்ணில் படுகிறது. கடன் அடைந்த பிறகு அனுப்பும் பணத்தில் வீடு எழும்புகிறது, நகை சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவான தேக்காவில் மகளுக்காகச் சங்கிலி வாங்கும் தகப்பனின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. அவளுடைய எதிர்காலத்துக்கு அவர் அறிந்த பாதுகாப்பு அதுதான். இன்னொன்றும் உண்டு: அப்பா வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் பெண்ணை அழைத்துப் போய் அழைத்து வர ஆண் துணை இல்லை என்பதே அவளை நிறுத்தக் காரணமாகிவிடுகிறது. உங்கள் குழு தங்குவிடுதிகளில் இருக்கும் தகப்பன்மாரோடு பேச முடியும். ஊரில் இருக்கும் தாய்க்கு ஒருவர் சொல்வதைவிட, இங்கிருக்கும் தகப்பன் தொலைபேசியில் "அவள் படிக்கட்டும்" என்று சொல்வது அந்த வீட்டில் முடிவாகிறது. சிங்கப்பூருக்கு முதன்முறையாகப் பணிப்பெண்ணாக வருவதற்கே எட்டு ஆண்டுப் பள்ளிக்கல்வி வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதித்திருக்கிறது. வெளிநாட்டில் பல வேலைகளுக்குப் படிப்பு கேட்கப்படும் என்பதைத் தகப்பன்மார்களே கண்ணால் கண்டவர்கள்.

சிங்கப்பூரில் வளர்ந்தவர்கள் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு: இங்கே போலப் பிள்ளையை அனுப்பாத பெற்றோர்மீது நடவடிக்கை எடுத்தால் என்ன? இங்கே கட்டாயக் கல்விச் சட்டம் 2000இல் நிறைவேறி 2003 தொடக்கத்தில் நடப்புக்கு வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே குடியிருப்புப் பேட்டைகளுக்குள் பள்ளிகள் கட்டப்பட்டு, ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருந்தார்கள். விடுபட்ட சிலரைச் சேர்ப்பதற்குச் சட்டம் வந்தது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பொருந்தும். நாம் பேசும் வயது அதற்கு வெளியே இருக்கிறது. அந்த வயதில் தண்டனையைக் கொண்டுவந்தால் அதைச் சுமப்பவர்கள் தினக்கூலிக் குடும்பங்கள்.

உங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம்; ஆனாலும் மிகவும் விடுபட்டவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆண்டில் ஆறு மாதம் ஊர்விட்டு ஊர் போகும் குடும்பங்களின் பெண்கள், இருளர், நரிக்குறவர் சமூகப் பெண்கள், சவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களில் இருக்கும் பெண்கள் ஆகியோருக்குத் தேவை உண்டு உறைவிடப் பள்ளி. 2004இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா திட்டம் இதற்காகவே வந்தது. சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் உதவித்தொகையும் விடுதி இடமும் மறுக்கப்படும் இருளர் பிள்ளைகள் இன்றும் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அந்தச் சான்றிதழை வாங்கிக் கொடுக்கும் ஒருவர், பல ஆயிரம் ரூபாய் நன்கொடையைவிட அந்தப் பெண்ணுக்குப் பெரிய உதவி செய்கிறார்.

படித்தால் என்ன கிடைக்கும் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதையும் நான் ஆய்வுகளிலிருந்தே கற்றேன். டெல்லியைச் சுற்றியுள்ள சில கிராமங்களுக்கு மூன்று ஆண்டுகள் வேலைக்கு ஆளெடுக்கும் முகவர்களை அனுப்பி, இளம்பெண்களுக்குத் தொலைபேசிச் சேவை நிலைய வேலைகள் பற்றிய தகவலைக் கொடுத்துச் சோதித்தார் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலறிஞர். அந்த ஊர்களில் இளம்பெண்களின் திருமணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போயின. சிறு பெண்கள் பள்ளியில் இருப்பது கூடியது. மேற்கு வங்கத்தில், இடஒதுக்கீட்டால் தொடர்ந்து இரண்டு முறை பெண் ஊராட்சித் தலைவரைக் கண்ட ஊர்களில் பதின்ம வயதினரிடையே ஆண் பெண் கல்வி இடைவெளி மறைந்துவிட்டது என்றும், பெண்பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிடும் நேரம்கூடக் குறைந்தது என்றும் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் ஊரிலிருந்து படித்துச் செவிலியராகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ ஆன பெண் ஒருத்தி இருந்தால், அவளைப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அழைப்பதோடு நில்லாமல், எட்டாம் வகுப்புப் பெண்களின் அம்மாக்களோடு உட்கார்ந்து பேச வையுங்கள். அவள் சம்பளம் எவ்வளவு, அவளுக்குத் திருமணம் எப்படி அமைந்தது என்று அம்மாக்கள் கேட்பார்கள். அவர்கள் அறிய விரும்புவது அவைதான்.

பணத்தை எதில் போடலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். புதுக் கட்டடம் வேண்டாம். அது அரசின் பொறுப்பு. பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களுக்குப் பரிசு என்பதும் மகிழ்ச்சி தரலாமே தவிர, அந்தப் பெண்கள் எப்படியும் படித்திருப்பார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதல் செலவாக ஊரிலேயே இருக்கும் படித்த பெண் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பெண்களுக்கு நாள்தோறும் மாலையில் துணைப்பாடம் நடத்தச் செய்வேன். இங்கே சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா நடத்தும் துணைப்பாட வகுப்புகளின் பயனை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே அந்த ஆசிரியைக்கு இன்னொரு வேலையும் உண்டு: இரண்டு நாள் வராத பெண்ணின் வீட்டுக்கு மூன்றாம் நாள் நேரில் போவது. தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வர அந்த வகுப்பில் அனுமதி இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வர வேண்டியவள் வர மாட்டாள்.

இரண்டாவது, ஒன்பதாம் வகுப்பில் நுழையும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சைக்கிள், அல்லது பேருந்து இல்லாத பாதையில் பெண்கள் சேர்ந்து போக ஒரு ஷேர் ஆட்டோ. ஆட்டோவுக்கு மாதந்தோறும் பணம் தேவைப்படும், சைக்கிளைப் போலப் படம் எடுத்து அனுப்ப முடியாது. இருந்தாலும் சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்ப அதுதான் உதவும். உதவித்தொகை கொடுப்பதாக இருந்தால் ஆண்டுக்கொரு முறை மேடையில் காசோலையாகக் கொடுக்காமல், மாதந்தோறும் தாயும் மகளும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கில், வருகையை மட்டும் நிபந்தனையாக வைத்துச் செலுத்துங்கள். மதிப்பெண்ணை நிபந்தனையாக வைத்தால் மிகவும் தேவைப்படுகிறவள்தான் முதலில் விழுவாள்.

மூன்றாவதாகச் சொல்வதைத் தயவுசெய்து உங்கள் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பெண்ணின் படிப்பு நிற்கும் முடிவு பெரும்பாலும் ஜூன் மாதத்தில் எடுக்கப்படுவதில்லை. பொதுத்தேர்வு முடிந்த ஏப்ரலுக்கும் பள்ளி திறக்கும் ஜூனுக்கும் இடைப்பட்ட கோடையில் எடுக்கப்படுகிறது. அப்போதுதான் ஆலைத் தரகர் ஊருக்கு வருகிறார், அப்போதுதான் பெண் பார்க்க வருகிறார்கள், ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாத பெண் இனிப் படிப்பு இல்லை என்று தானே முடிவு செய்துகொள்வதும் மே மாதத்தில் முடிவு வெளியான அந்த வாரத்தில்தான். தேர்ச்சி பெறாதவர்களுக்கு அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு இருக்கிறது. விண்ணப்பிக்கக் குறுகிய காலமே தருவார்கள். ஆகவே ஆசிரியையின் சம்பளத்தைக் கோடை விடுமுறையில் நிறுத்தாதீர்கள். முடிவு வெளியாகும் நாளிலேயே அவர் ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் போக வேண்டும், துணைத்தேர்வுக் கட்டணத்தை அன்றே கட்ட அவர் கையில் பணம் இருக்க வேண்டும், தேர்ச்சி பெற்றவளின் மாற்றுச் சான்றிதழை வாங்கி மேல்நிலைப் பள்ளியில் இடம் உறுதியாகும் வரை உடன் நிற்க வேண்டும். இதற்கு ஒரு பெண்ணுக்கு ஆகும் செலவு சிங்கப்பூர் வெள்ளியில் மிகச் சிறியது. நிதிக் குழு ஆகஸ்டில் கூடி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் முறையை வைத்துக்கொள்ளாமல், மார்ச் மாதத்துக்குள் பணத்தை ஊருக்கு அனுப்பிவிட்டால் போதும்.